திறக்க மட்டும் தெரிந்த கத்தி

ஆவாரங்குளம் ரயில்வே கேட்டில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிற வேலுத்தாயின் இடது கை மூடி ஒன்பது வருஷம் ஆகிறது. அவளுடைய அக்கா கோமதி ரயிலில் ஏறியும் ஒன்பது வருஷம் ஆகிறது. இன்னும் இறங்கவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

அன்றைக்கு அக்கா பக்கத்து ஸ்டேஷனிலிருந்து மதுரைக்குப் புறப்பட்டாள், தங்கச்சி வழியனுப்பப் போனாள். ஜன்னலோரத்தில் இடம் கிடைத்தது. உட்காரவும் கொண்டை அவிழ்ந்துவிட்டது. “ஏளா, இதைச் செத்தப் பிடி, கொண்டையைப் போட்டுக்கிடுதேன்” என்று டிக்கெட்டை ஜன்னல் வழியாகத் தங்கச்சியிடம் நீட்டிவிட்டு, ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டாள். வண்டி கிளம்பிவிட்டது. டிக்கெட் காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று வேலுத்தாய் கையை இறுக்கி மூடினாள். மூடின கை மூடினதுதான். டிக்கெட் இல்லாமல் அக்கா எந்த ஸ்டேஷனில் இறங்குவாள்? அப்படி இறங்குகிற குடும்பம் இல்லை அது.

ஆகவே அக்கா தினமும் பதினொன்று பத்துக்கு வடக்கே போனாள். நாலு இருபதுக்குத் தெற்கே வந்தாள். மூன்றாவது பெட்டி. ஒரு கையால் அவிழ்ந்த மயிரைப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டுவாள். வாயில் ஊசி இருப்பதால் பேச்சு கிடையாது. அந்த வண்டி கேட்டில் நிற்காது. வேலுத்தாய் மூடின கையை உயர்த்திக் காட்டுவாள். டிக்கெட் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம்.

மூடின கையை வைத்து அவள் எத்தனையோ வேலை பார்த்தாள். தாள் பறக்காமல் அமுக்கினாள். மிளகாய் வற்றலும் உப்பும் அதைக் கொண்டே நுணுக்கினாள். ஒரு வேலைதான் முடியவில்லை. மடக்குக் கத்தியை விரிக்க இரண்டு கை வேண்டும். கேட் திறந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரமாக ஓட வேண்டும், திறந்த கத்தியோடு ஓட முடியாது என்பதால் ஒவ்வொரு தடவையும் மடக்கி இடுப்பில் செருகுவாள். அடுத்த தடவை கேட் மூடினதும் யாராவது ஒருவரிடம் நீட்டுவாள். “செத்த விரிச்சுக் குடுங்க சாமி.” அவசரம் என்றால் பல்லால் விரிப்பாள். முன்பல் ஒன்று அதில் போயிற்று.

இதைப் பார்த்துப் பார்த்து, பஸ் கண்டக்டர் சமுத்திரம் தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற கடையிலிருந்து ஒரு கத்தி வாங்கி வந்தான்.

“மதினி, இது உதவிக் கத்தி. முதுகுல முண்டு மாதிரி இருக்கு பாருங்க. அதை ஆள்காட்டி விரலால கால்வாசி தள்ளுனாப் போதும். மிச்சம் முக்கால்வாசியை உள்ள இருக்கிற ஸ்பிரிங்கு பாத்துக்கிடும். ஒரு கை போதும்.”

“மடக்குறதுக்கு?”

“அதுக்கு ரெண்டு கை வேணும்.”

“அப்போ பாதி வேலைக்குத்தான் உதவின்னு சொல்லு.”

“எங்க வீட்டுக்காரி அந்தப் பாதிக்கும் உதவ மாட்டா மதினி. பேசாம வாங்குங்க.”

ஆவாரங்குளத்தில் இரும்பு ஆயுதம் எது வந்தாலும் உடனே சொந்தமாகிவிடாது. எட்டு நாள் வைத்துப் பார்க்க வேண்டும். எட்டாம் நாள் இரண்டு சாட்சி வைத்துக்கொண்டு, அதன் நல்லது பொல்லாததை அதனிடமே நேருக்கு நேர் சொல்ல வேண்டும். மழுப்பக் கூடாது, ஒரேயடியாகப் புகழவும் கூடாது. மண்வெட்டியானாலும் அரிவாள்மணையானாலும் இதுதான் நடைமுறை. குறையைக் கேட்டு முனை மழுங்கிப்போன அரிவாள்கள் உண்டு.

முதல் நாள் கத்தி நன்றாகத்தான் உழைத்தது. விரல் வைத்தால் சிலுக்கென்று அலகு வெளியே நிற்கும். பிஞ்சை நாலாய்ப் பிளந்து, காம்பு விடாமல், பொடி தூவி நீட்டினால் பஸ் ஜன்னலில் கைகள் பூத்துக் குலுங்கும். மடக்குவதற்கு மட்டும் அலகின் முதுகை மைல்கல்லில் வைத்து அமுக்கினாள். அது பரவாயில்லை.

இரண்டாம் நாளிலிருந்து கத்தி மற்றவர்களுக்கும் உதவ ஆரம்பித்தது. அதன் பக்கத்தில் யார் எதைத் திறக்கத் தொடங்கினாலும் சரி, அவர்கள் கால்வாசி தொடங்கினால் முக்கால்வாசியை அது முடித்துவிடும். சமுத்திரம் தோல்பையில் விரல் வைத்தான். பை விரியத் திறந்தது. சோடா பாட்டில், தூக்குவாளி, மாத்திரை அட்டை எல்லாம் அப்படியே. கேட்டில் நிற்கிற சனத்துக்கு வசதியாகப் போயிற்று.

மூன்றாம் நாள் மொபெட்டில் ஒரு புருஷனும் பெஞ்சாதியும் வந்து நின்றார்கள். ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை என்பது அவர்கள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது. அவன் வாயெடுத்து, “ஏட்டி...” என்றான். அவ்வளவுதான் அவன் செய்தது. மீதி தானாக வந்தது. அவளுக்கும் வந்தது. கேட் திறந்து, மூடி, மறுபடி திறந்து அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். நாலு பிஞ்சு தின்றார்கள். பிறகு, கத்தி ரொம்ப நீளமாக இருக்கிறதே என்று விசாரிக்க ஒரு போலீஸ்காரர் வந்தார். “இது என்ன...” என்று தொடங்கினவர், அரைமணி நேரம் தன் மாமியாரைப் பற்றிச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

நாலாம் நாள்தான் பொல்லாதது தெரிந்தது. திறந்தது எதுவும் மூடவில்லை. குடை விரித்தவர்கள் விரித்த குடையோடு பஸ்ஸில் ஏற முடியாமல் நின்றார்கள். பதினோரு குடை. கொட்டாவி விட்ட ஒருவருக்கு வாய் அப்படியே நின்றுவிட்டது. அவர் தன் கையால் அமுக்கிப் பார்த்தார், மூடவில்லை. பக்கத்தில் இருந்த மச்சினன் தாடையைப் பிடித்து மெல்ல அழுத்தினதும் மூடிக்கொண்டது. அப்போது எல்லோருக்கும் விளங்கியது. திறக்கக் கத்தி போதும். மூட வேண்டுமென்றால் இன்னொருத்தர் கை வேண்டும்.

ஒருவர் குடையை ஒருவர் மடக்கிக் கொடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் கேட் கீப்பர் ஞானதுரை தன் கொட்டகையை விட்டு இறங்கி வந்தார். முப்பது வருஷமாக அந்தக் கேட்டை மூடுகிறவர். பேசுவதும் பாதி பேச்சை மூடிவைத்துக்கொண்டுதான்.

“வேலுத்தாய், கேட்ட இறக்கணும்னு ராட்டைச் சுத்துதேன். கீழ வந்தது, மேல போகுது.”

“நான் என்ன அண்ணாச்சி செய்யட்டும்?”

“உன் கத்தி செய்யுது. ஊரு பூரா திறக்கதுக்குச் சம்பளம் வாங்குது. நான் மூடுறதுக்குச் சம்பளம் வாங்குறவன். கேட் திறந்து கிடந்தா சிக்னல் விழாது. சிக்னல் விழாட்டா வண்டி நின்னுரும். ஞானதுரை கேட்டுல வண்டி நின்னுச்சுன்னு ஒரு பேரு வந்துரக் கூடாது தாயி. முப்பது வருசத்துல வந்ததில்ல.”

நியாயமான பேச்சு. ஆகவே ரயில் நேரத்தில் கத்தியை எடுத்துக்கொண்டு இருநூறு தப்படி தள்ளி, சிக்னல் கம்பத்துக்கும் அந்தப் பக்கம், ஓடைக்கரையில் போய் உட்கார்ந்துகொள்வதாக வேலுத்தாய் ஒத்துக்கொண்டாள். அங்கேயிருந்து பார்த்தால் கருவேலம் புதர்தான் தெரியும். வண்டியின் கூரை மட்டும் புதருக்கு மேலே போகும்.

ஐந்தாம் நாள், ஆறாம் நாள், ஏழாம் நாள். மூன்று நாளும் அக்காவைப் பார்க்க முடியவில்லை. ஏழாம் நாள் சாயங்காலம் அவள் கேட்டுக்குத் திரும்பி வந்தபோது ஞானதுரை குனிந்து ராட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்.

“உங்க அக்கா இன்னிக்கு ரெண்டு பக்க ஜன்னல்லயும் தேடிச்சு.”

“கையை ஆட்டுச்சா?”

“இல்ல. ரெண்டு கையாலயும் ஜன்னல் கம்பியப் பிடிச்சிருந்துச்சு. மயிரு பறந்துச்சு.”

வேலுத்தாய் மூடின கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பது வருஷமாக அக்கா மயிரை விட்டதில்லை.

எட்டாம் நாள் காலை பதினோரு மணி. கத்தியைத் துடைத்து மைல்கல் மேல் வைத்தாள். சாட்சிக்கு ஞானதுரையும் சமுத்திரமும் நின்றார்கள். சமுத்திரம் பஸ்ஸை ஓரம் கட்டச் சொல்லியிருந்தான். உள்ளே இருந்த சனமும் ஜன்னல் வழியாகக் காது கொடுத்தது.

வேலுத்தாய் கத்தியைப் பார்த்துச் சொன்னாள்:

“ஒத்தக் கைக்காரிக்கு நீ தோது. அதுல குத்தம் சொல்ல மாட்டேன். எட்டு நாளா ஒருத்தன்கிட்டயும் விரிச்சுக் குடுன்னு நான் கெஞ்சல. என் பல்லு மிஞ்சுச்சு. உன் அலகு நல்ல அலகு. பிஞ்சு நோகாமப் பிளக்கு. அது நல்லது.

“பொல்லாதது சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. மொளகாப் பொடி உள்ள போனா உன் ஸ்பிரிங்கு இருமுது. என் இடுப்புல இருக்கும்போதே ரெண்டு தடவ திறந்து சேலயக் கிழிச்சிட்ட. கால்வாசி நினைச்சவன் முழுசா நினைக்கானான்னு நீ கேக்க மாட்டேங்க. அப்புறம், உனக்கு மூடத் தெரியாது.”

கத்தி கேட்டுக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, நீங்க?” என்றாள்.

“கேட்டு மூடல” என்றார் ஞானதுரை.

“சரி, முடிவச் சொல்லுங்க மதினி” என்றான் சமுத்திரம். “வச்சுக்கிடுதீங்களா, திருப்பிக் குடுத்துரவா? வண்டிக்கு நேரமாச்சு.”

“ஒரு நல்லது பாக்கி இருக்கு தம்பி. அத இன்னும் செஞ்சு பாக்கல.”

வலது கையில் கத்தியை எடுத்துக்கொண்டாள். ஓடைக்கரைக்குப் போகவில்லை. ஞானதுரை ராட்டைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கேட்டின் கம்பம் அரைவாசி இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றது. அவர் அவளைப் பார்த்தார். அவள் இடது கையைப் பார்த்தாள். திறக்கவேண்டும் என்று இந்த ஒன்பது வருஷத்தில் அவள் தொடங்கினதே இல்லை. தொடங்கினால் டிக்கெட் பறந்துவிடும் என்ற பயம்.

சுண்டுவிரலைக் கொஞ்சம் அசைத்தாள். கால்வாசிகூட இருக்காது.

மற்ற விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. உள்ளங்கை ஒன்பது வருஷத்துக்கு முந்தின நிறத்தில் இருந்தது. அதன் நடுவில் டிக்கெட் மடங்காமல், லேசான ஈரத்தோடு, அன்றைக்குக் கொடுத்த சூட்டோடு இருந்தது.

ஞானதுரை அந்த டிக்கெட்டைப் பார்த்தார். அப்புறம் தண்டவாளத்தைப் பார்த்தார். ராட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். கம்பம் வானத்தைப் பார்க்க எழுந்து நின்றது.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வண்டி சிக்னல் கம்பத்தருகே வந்து பெருமூச்சு விட்டு நின்றது. வேலுத்தாய் இருநூறு தப்படியும் ஓட்டமாக ஓடினாள், ஒரு கையில் கத்தி, விரித்த கையில் டிக்கெட். காற்று அதைத் தொடவில்லை. மூன்றாவது பெட்டியின் ஜன்னலுக்கு நேராக உள்ளங்கையை நீட்டினாள்.

அக்கா டிக்கெட்டை எடுத்து, ஊர் பேரைச் சரிபார்த்து, ஜாக்கெட்டுக்குள் வைத்தாள். இரண்டு கையாலும் கொண்டையைப் போட்டாள். வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செருகினாள். கடைசி ஊசி வெளியே வந்ததும் பேசினாள்.

“இம்புட்டு நேரமாளா?”

“கையி வரலக்கா.”

“மூணு நாளா எங்க போன? செத்துக்கித்துப் போனியோன்னு நெனச்சிட்டேன்.”

“கத்தி வாங்குனேன்.”

“தின்னியா?”

“இனிமேத்தான்.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே வந்த ஞானதுரை, ரயில்வே ஆள் அங்கே அவர் ஒருவர்தான் என்பதால், டிக்கெட்டை வாங்கிப் பார்த்துப் பாதியாகக் கிழித்துக் கொடுத்தார். மதுரை டிக்கெட்டில் ஆவாரங்குளத்தில் இறங்குவது பயணியின் இஷ்டம் என்றார்.

அப்போது கார்டு பச்சைக்கொடியைச் சுருட்டிக்கொண்டே வந்தார். “மூணாவது பெட்டி ஜன்னலோரம் ஒம்பது வருசமா ஒரு ஆளு கணக்குல இருக்கு. இடம் காலியா இருந்தா வண்டி எடுக்க முடியாது.”

எல்லோரும் நின்றார்கள். என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. வேலுத்தாய் கையிலிருந்த கத்தியைப் பார்த்தாள். இனி அவளுக்கு இரண்டு கை. பழைய கத்தி போதும். திறக்க வேண்டியது இன்னும் எத்தனையோ உள்ள உலகத்தை இந்தக் கத்தியும் பார்த்ததில்லை.

“தம்பி சமுத்திரம், முடிவு கேட்டியே. வச்சுக்கிடவும் இல்ல, திருப்பிக் குடுக்கவும் இல்ல. அனுப்பிவைக்கேன்.”

அக்கா உட்கார்ந்திருந்த இடத்தில் கத்தியை வைத்தாள். சீட்டில் சூடு இருந்தது. கத்தி அலகை ஜன்னல் பக்கமாகத் திருப்பிக்கொண்டது. கார்டு தலையை எண்ணிப் பார்த்துச் சரி என்றார். ஞானதுரை கேட்டுக்கு ஓடிப்போய் ராட்டைச் சுற்றினார். கம்பம் மறுபேச்சு இல்லாமல் இறங்கியது. சிக்னல் விழுந்தது.

வண்டி போன பிறகு தண்டவாளத்தின் ஓரத்தில் அக்காளும் தங்கச்சியும் நின்றார்கள். வேலுத்தாயின் இடது கை விரித்தபடியே இருந்தது. மூடிப் பார்த்தாள்; வரவில்லை.

“கொண்டா” என்றாள் அக்கா. சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு விரலாக மடக்கிவிட்டாள். பெருவிரலைக் கடைசியாக மடக்கி, தன் கையை உள்ளே வைத்துக்கொண்டாள். அப்படியே கேட்டுக்கு நடந்து வந்தார்கள்.

இப்போது அக்கா ரோட்டுக்குக் கிழக்கே விற்கிறாள்; வேலுத்தாய் மேற்கே. கேட் ஒழுங்காக மூடுகிறது. பதினொன்று பத்துக்கும் நாலு இருபதுக்கும் மட்டும் ஞானதுரை கொட்டகையை விட்டு வந்து கேட்டின் கம்பத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். மூன்றாவது பெட்டி கடக்கும்போது கம்பம் அவரைத் தூக்கிக்கொண்டு ஒரு சாண் எழும், பிறகு இறங்கும். ஜன்னலோரத்தில் கத்தி வெயில் பட்டு மின்னிக்கொண்டு போகும். வேலுத்தாய் இரண்டு கையையும் ஆட்டுவாள்.

அந்த நேரத்தில் இரண்டு கூடையிலும் உள்ள வெள்ளரிப்பிஞ்சு எல்லாம், யாரும் தொடாமலே, நாலாய்ப் பிளந்து காம்பு விடாமல் நிற்கும். வண்டிச் சத்தம் அடங்குவதற்குள் அக்கா பொடியைத் தூவிவிடுவாள்.