கனகசபாபதியின் கதிரை

இராஜநாயகம் நாட்களைக் குசினிக் கலண்டரில் எண்ணி வந்தார். மார்ச் எட்டில் ஒரு புள்ளடி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கீறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் கலண்டர் என்பதால் மனைவி மெற்றில்டா அதை ஏதோ நேர்த்தி என்றுதான் நினைத்திருந்தாள்.

"என்ன நேர்த்தி?" என்று ஒருநாள் கேட்டாள்.

"ஒரு ஆள் விழவேணும்."

"அந்தோனியாரிட்ட அப்பிடிக் கேக்கிறதில்லை."

"அவரிட்டக் கேக்கேல்லை. நான்தான் எண்ணுறன்."

விழவேண்டிய ஆள் கனகசபாபதி. வெள்ளவத்தைச் சட்டத்தரணி. அவர்களுடைய கட்சிக்குப் பாராளுமன்றத்தில் இரண்டே உறுப்பினர்கள்: அவரும் இராஜநாயகமும். இருவரும் கொழும்பில் ஒரே பட்டியலில் நின்று வென்றவர்கள். கனகசபாபதிக்கு முந்நூற்றுப் பதினொரு விருப்பு வாக்குகள் அதிகம். அதனால் அவர் தலைவர், இராஜநாயகம் செயலாளர். அந்த முந்நூற்றுப் பதினொன்றை அவர் நாலு வருடமாக மறக்கவில்லை. வாக்குக் கேட்ட நாட்களில் கொட்டாஞ்சேனைச் சுவர்களில் தன் முகத்தின் மேல் கனகசபாபதியின் முகம் ஒட்டப்பட்டிருந்ததையும் மறக்கவில்லை. முதல் வருடம் தான் சபையில் பேசிய பேச்சைக் கனகசபாபதி சிவப்பு மையால் திருத்தி, கடித உறையில் போட்டு அனுப்பியதையும் மறக்கவில்லை. அந்த உறை இன்னும் அலுமாரியில் இருந்தது.

பெப்ரவரியில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை லொட்ஜுகளிலிருந்து நாற்பத்துமூன்று தமிழ் இளைஞர்களைப் பொலிஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். மார்ச் எட்டாம் திகதி இருவரும் சபையில் எழுந்து, ஒன்றாக வெளியேறினார்கள். அன்று பின்னேரம் வெள்ளவத்தையில் கனகசபாபதி பத்திரிகைக்காரருக்குச் சொன்னார்: "கடைசிப் பொடியன் வெளியில வருமட்டும் அந்த வாசலை மிதிக்கமாட்டம்." பக்கத்திலிருந்த இராஜநாயகம் தலையாட்டினார். இருபத்தாறு பேர் வெளியே வந்தார்கள். பதினேழு பேர் வரவில்லை.

ஆனால் மூன்று மாதம் தொடர்ந்து சபைக்குப் போகாதவரின் கதிரை பறிபோகும். சபையிடம் லீவு கேட்கலாம். பகிஷ்கரிப்பவர்கள் கேட்பதில்லை, யாரைப் பகிஷ்கரிக்கிறார்களோ அவர்களிடமே அனுமதி கேட்பதாகிவிடும். அதனால் எல்லாக் கட்சிகளும் கைக்கொள்ளும் வழக்கம் ஒன்று இருந்தது. மூன்று மாதம் முடிவதற்குள் ஒருநாள் சத்தமில்லாமல் உள்ளே போய், ஐந்து நிமிடம் இருந்து, வாய் திறக்காமல் வெளியே வருவது. பத்திரிகைக்குச் சொல்வதில்லை.

ஜூன் ஏழாம் திகதி வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அதற்குப் பிறகு பதினெட்டாம் திகதிவரை சபை இல்லை.

புதன்கிழமை கனகசபாபதி தொலைபேசியில் வந்தார்.

"வெள்ளிக்கிழமை பத்தேகாலுக்குத் தேத்தண்ணி அறைக்கு வாரும். ரெண்டு பேரும் ஒண்டா உள்ள போவம்."

"ஏன் ஒண்டா?"

"தனியப் போனா மற்றவர் பேப்பருக்குச் சொல்லுவார்."

"நான் சொல்லமாட்டன்."

"நீர் சொல்லுவீர்."

வெள்ளிக்கிழமை காரை ஓட்டியவன் வின்சன்ற். மெற்றில்டாவின் தம்பி. சம்பளப் பட்டியலில் இராஜநாயகத்தின் இணைப்புச் செயலாளர். தேர்தல் பட்டியலில் விருப்பு வாக்கு எண்ணிக்கையில் மூன்றாவது ஆளும் அவன்தான். ஒரு கதிரை வெறுமையானால் அது அவனுக்கு. நாலு வருடமாக அவன் பின்கதவைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றான்.

பொரளையில் வாகன நெரிசலில் நின்றபோது இராஜநாயகம் திட்டத்தைச் சொன்னார்.

"வெள்ளிக்கிழமையில சபையில ஆக்கள் நிக்கிறேல்லை. பதினொரு மணியளவில ஆராவது ஒருத்தன் எழும்பி, இருபது பேர் இல்லை எண்டுவான். மணி அடிக்கும். அஞ்சு நிமிசத்தில இருபது பேர் சேராட்டிச் சபை கலைஞ்சுது. அதுவரைக்கும் அந்த மனுசனைத் தேத்தண்ணி அறையில மறிச்சு வச்சாப் போதும்."

"எப்பிடி மறிக்கிறது?"

"சண்டை பிடிச்சா இருப்பார். கடைசி வார்த்தை தன்ரையா இருக்கவேணும் அவருக்கு."

வின்சன்ற் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். "அப்ப உங்கட கதிரை, அத்தான்? நீங்களும் உள்ள போகமாட்டீங்களே."

"வாசல் மேசையில புத்தகம் இருக்கு. அதில கையெழுத்து வச்சாச் சரி."

"அது காணுமா?"

"டேய், ஹாபரில இருபத்திரண்டு வருசம் மூட்டை எண்ணுற டாலி கிளாக்கா இருந்தனான். கேட் புத்தகத்தில பேர் விழுந்தா ஆள் வேலையில. பிறகு ஷெட்டுக்குள்ள படுத்து நித்திரை கொண்டாலும் ஆள் வேலையிலதான்."

"அவரும் கையெழுத்து வச்சா?"

"அவர் வைக்கிறேல்லை. நாலு வருசமாப் பாக்கிறன். மேசையைத் திரும்பியும் பாக்காமப் போவார். தன்னைத் தெரியாத ஆள் அங்க இல்லையாம்."

இராஜநாயகத்துக்கு இதில் இன்னொரு லாபமும் தெரிந்தது. கதிரையும் தப்பும், வாசலை மிதிக்காத ஆள் என்ற பெயரும் நிலைக்கும். பதினேழு பேரின் வீட்டாருக்கும் முகம் கொடுக்கலாம். அவர்களில் ஒருத்தி, பிறிஜெற், அன்று காலையும் அவர் வீட்டுப் படியில் நின்றாள். "உள்ள போய்க் கதையுங்கோவன், ஐயா" என்றாள். அவர் கார் கதவைச் சாத்தினார்.

உறுப்பினர் வாசலில் புத்தகம் இருந்தது. அன்றைய பக்கத்தில் பதின்மூன்று பெயர்கள். கனகசபாபதியின் பெயர் இல்லை. இராஜநாயகம் பேனையை அழுத்திக் கையெழுத்து வைத்தார். நேரமும் போட்டார்: 10.10.

தேத்தண்ணி அறையில் கனகசபாபதி யன்னலோரம் இருந்தார். முன்னால் கோப்பை, பாதி தின்ற கட்லற். வெள்ளை வேட்டி, சால்வை. சபைக்குப் போகிற உடுப்பு.

"பத்தே பதின்மூண்டு" என்றார். "ஹாபர் ஆள் எல்லே. நேரத்துக்கு வந்திட்டீர்."

"வேலைக்குப் போன ஆள் நான். உங்களைப்போல கோட்டில தவணை வாங்கிப் பிழைச்ச ஆள் இல்லை."

"இரும். தேத்தண்ணி சொல்லவோ?"

இராஜநாயகம் இருந்தார். தேநீர் வந்தது. எங்கே தொடங்குவது என்று அவர் யோசிக்கத் தேவையிருக்கவில்லை.

"அந்தச் சிவப்பு மை" என்றார்.

"எந்தச் சிவப்பு மை?"

"என்ர பேச்சைத் திருத்தி அனுப்பினது."

"ஓ. அதுவோ. பன்ரண்டு பிழை இருந்தது. நான் எட்டைத்தான் திருத்தினனான்."

"என்னத்துக்கு மிச்சம் நாலை விட்டனீங்கள்?"

"மை முடிஞ்சுது."

அடுத்த மேசையிலிருந்த இரண்டு அரசாங்க உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தமிழ் விளங்காவிட்டாலும் சண்டை விளங்கியது. ஒருவர் மற்றவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"உங்கட போஸ்டரை என்ர முகத்தில ஒட்டினவங்கள் ஆர் எண்டு எனக்குத் தெரியும்" என்றார் இராஜநாயகம். "உங்கட மருமகன் சிவபாதசுந்தரம் சாராயம் வாங்கிக் குடுத்த பெடியள்."

"கொட்டாஞ்சேனையில சாராயம் வாங்கிக் குடுத்தா ஆரும் ஒட்டுவினம். நீர் அதைக் குடுக்காததுதான் பிழை."

"கொட்டாஞ்சேனையாலதான் நீங்கள் வெண்டனீங்கள். வெள்ளவத்தை ஆக்கள் வாக்குப் போடப் படி இறங்கி வருவினமோ?"

"வந்தவை. முந்நூற்றுப் பதினொரு பேர்."

இராஜநாயகத்தின் காது சூடானது. கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால். கனகசபாபதி கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எழும்பிப் போவோம் என்றும் சொல்லவில்லை. கோபம் அவரை மறக்கச் செய்துவிட்டது என்று இராஜநாயகம் எண்ணினார். திட்டம் நினைத்ததைவிட எளிதாக நடந்தது.

"ஏப்பிரலில அமைச்சரைத் தனியப் போய்ச் சந்திச்சனீங்கள்" என்றார். "பகிஷ்கரிப்புக்குள்ள."

"பொடியளின்ர விசயமாப் போனனான்."

"பொடியளின்ர விசயமோ, மருமகன்ர பெர்மிற் விசயமோ?"

கனகசபாபதி கோப்பையைக் கீழே வைத்தார். "இருபத்தாறு பேர் வெளியில வந்தது ஆராலை? நீர் கலண்டரில கீறினதாலையோ?"

கலண்டர் விசயம் இவருக்கு எப்படித் தெரியும்? மெற்றில்டா கோயிலில் யாருக்கோ சொல்லியிருப்பாள். இராஜநாயகம் ஒரு கணம் தடுமாறினார். பிறகு குரலை உயர்த்தினார்.

"கீறுவன். நாள் எண்ண எனக்கு உரிமை இருக்கு."

"எண்ணும். எண்ணுறதுதான் உம்மட தொழில். மூட்டை எண்ணினீர், இப்ப நாள் எண்ணுறீர்."

அப்போது மணி அடித்தது. சுவரில், கதவுக்கு மேலே, நீளமாக, நிற்காமல். சபையில் இருபது பேர் இல்லை. அடுத்த மேசைக்காரர் இருவரும் சோம்பலாக எழும்பி, உள்ளே போகாமல் சாப்பாட்டு மண்டபத்துப் பக்கம் நடந்தார்கள்.

இராஜநாயகம் மேசையைப் பிடித்துக்கொண்டார். மணி அடிக்கும் ஐந்து நிமிடமும் பேச்சு நிற்கக்கூடாது. அவர் பேசினார். தலைவர் பதவி, கட்சி அலுவலகத் திறப்பைத் தன்னிடம் தராதது, கூட்டத்தில் தனக்குப் பின்வரிசை கொடுத்தது, மெற்றில்டாவின் தாயின் செத்தவீட்டுக்கு வராதது. கனகசபாபதி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். கதிரையில் சாய்ந்துகொண்டு, அவசரமில்லாமல்.

"செத்தவீட்டுக்குச் சொல்லியனுப்பேல்லை."

"செத்தவீட்டுக்குச் சொல்லோணுமோ?"

"எனக்குச் சொல்லோணும்."

மணி நின்றது.

இராஜநாயகம் மூச்சு விட்டார். கோப்பையில் ஆறிப்போன தேநீரை ஒரே வாயில் குடித்தார். பிறகு சொன்னார்:

"சபை கலைஞ்சிட்டுது, ஐயா."

"ஓம்" என்றார் கனகசபாபதி. "கேட்டுது."

"மூண்டு மாசம் முடிஞ்சுது."

"உமக்கு முடிஞ்சுது."

கனகசபாபதி மிச்சக் கட்லற்றை எடுத்துத் தின்றார். விரலைத் துடைத்தார்.

"நான் காலமை ஒன்பதரைக்கே உள்ள போயிட்டன். செங்கோல் வரேக்க எழும்பி நிண்டனான். அஞ்சு நிமிசம் இருந்திட்டு இஞ்ச வந்தனான்."

"ஒண்டாப் போவம் எண்டு சொன்னனீங்கள்."

"சொன்னனான். உமக்காகத்தான் இதில இருந்தனான். 'எழும்புங்கோ, போவம்' எண்டு நீர் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நானும் வந்து பக்கத்தில இருந்திருப்பன். ஒரு மணித்தியாலமாப் பாத்துக்கொண்டு இருந்தனான். நீர் சொல்லேல்லை."

"நான் கையெழுத்து வச்சனான்."

"எதில?"

"வாசல் புத்தகத்தில."

கனகசபாபதி அவரைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் இராஜநாயகத்தைப் பயப்படுத்தியது. அவர் எழும்பி நடந்தார், பிறகு ஓடினார்.

சபை வாசலில் செங்கோலைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தார்கள். அவர் ஒதுங்கி நின்றார். பின்னால் வந்தவர், சபையின் ஒழுங்கைப் பார்க்கும் படைக்கலச் சேவிதரின் அலுவலக உத்தியோகத்தர். நாலு வருடமாகக் கதவோரம் ஒரு ஸ்டூலில், மடியில் ஒரு தாளோடு இருக்கும் மனிதர். அந்தத் தாள் என்னவென்று இராஜநாயகம் ஒருநாளும் கேட்டதில்லை.

"சபாவ இவரயி, சேர்" என்றார் அவர். சபை முடிந்துவிட்டது.

இராஜநாயகம் தாளைக் கேட்டார். உத்தியோகத்தர் காட்டினார். எல்லா உறுப்பினர்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன. உள்ளே வந்து இருந்தவர்களுக்கு நேரே ஒரு சரியடையாளம். கனகசபாபதிக்கு நேரே நீல மையில் ஒன்று. தன் பெயருக்கு நேரே வெள்ளைத் தாள்.

வாசல் புத்தகத்தைப் பற்றிச் சிங்களத்தில் கேட்டார். 

உத்தியோகத்தர் மரியாதையாகவே பதில் சொன்னார். அந்தப் புத்தகம் பகல் சாப்பாட்டுக்கு. எத்தனை பேருக்குச் சமைப்பது என்று பார்க்க.

திரும்பி வந்தபோது கனகசபாபதி சால்வையைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

"நீங்கள் உள்ள போனதைப் பேப்பருக்குச் சொல்லுவன்" என்றார் இராஜநாயகம்.

"சொல்லும். நீர் போகேல்லை எண்டதை நான் சொல்லுறன்." அவர் நடக்கத் தொடங்கி, நின்றார். "வின்சன்ற் கார்லதானே நிக்கிறான்? நாளைக்கு வீட்டுக்கு வரச்சொல்லும். சத்தியப்பிரமாணக் கடுதாசியளைக் காட்டவேணும்."

கார் தரிப்பிடத்தில் வெயில் கொளுத்தியது. வின்சன்ற் வெளியே நின்றுகொண்டிருந்தான். அவரைக் கண்டதும் சிகரெட்டை மிதித்து அணைத்தான். பின்கதவைத் திறந்தான். முகத்தில் கேள்வி இருந்தது. அவர் ஏறும்வரை கேட்கவில்லை.

"என்ன மாதிரி, அத்தான்? கதிரை விழுந்துதா?"

"விழுந்துது."

வின்சன்ற் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கில் தட்டினான். காரை எடுத்தான். பாலத்தைத் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே ஓட்டினான். அக்காவுக்கு இப்போதே சொல்லவேண்டும் என்றான். புறக்கோட்டையில் துணி எடுத்து வெள்ளைக் கோட்டுத் தைக்கவேண்டும் என்றான்.

"மனுசன் கடைசியா என்ன சொன்னவர், அத்தான்? கத்தினவரோ?"

"இல்லை. உன்னை நாளைக்கு வெள்ளவத்தைக்கு வரச்சொன்னவர்."

"என்னையோ? ஏன் என்னை?"

 ராஜகிரிய சந்தியில் சிவப்பு விளக்கு. வின்சன்ற் கண்ணாடியில் அவரைப் பார்த்தான். அவருடைய மடியில் கைகள் சும்மா கிடந்தன. அவன் நெடுநேரம் பார்த்தான். சிரிப்புக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. உதட்டை நனைத்துக்கொண்டான். பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

அவன் கியரைப் போட்டான். கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்து, தெருவைப் பார்த்தபடி கேட்டான்:

"எத்தினை மணிக்கு?"