இரண்டு முறை தைத்த தலைப்பு

பாறை சரிந்தால் மின்னஞ்சலின் தலைப்பை ஆள்தான் சுமந்துபோய்ச் சேர்க்க வேண்டும். மற்ற விவரமெல்லாம் பின்னால் வரும். தலைப்பைப் படித்த பிறகே கிரேன் கிளம்பும். குவாரியில் இது யாருக்கும் புதிதில்லை. அதனால் மாதையன்மேல் பாறை சரிந்ததும் மேஸ்திரி மின்னஞ்சலை அடித்தார். மாதையனின் அண்ணன் சென்னப்பன் சும்மாடு கட்டிக்கொண்டான்.

தலைப்பு இதுதான்: பெரிய குவாரி வடக்கு வெட்டில் பாறை சரிந்தது, மாதையன் உள்ளே, உயிர் இருக்கிறது, கிரேன் அனுப்பவும். நல்ல கனம். கால்புள்ளிகள் மட்டும்தான் லேசாக இருந்தன.

வழி கணினியின் நிரல் நூலகத்துக்குள் போகிறது. அங்கே புத்தகம் கிடையாது. ஒரே ஒரு நீள நடை, ஓரத்தில் கவுண்ட்டர்கள். வாசலில் சலோமி என்கிற பெண் கோணி ஊசியோடு உட்கார்ந்திருந்தாள்.

"தமிழா?"

"ஆமாம்மா."

"தமிழ் வெறும் உடம்போட இந்த நடையில போகக்கூடாது. இங்கிலீஷ் எழுத்துன்னா நடந்து போகலாம். மத்ததெல்லாம் கோணியிலதான்."

"எதுலயாவது போடும்மா. தம்பி கல்லுக்கு அடியில கிடக்கிறான்."

"இங்க வர்றவங்க எல்லாருக்கும் யாராவது கிடக்கிறாங்கப்பா. பிடி இந்த ஓரத்தை."

அவன் பிடித்தான். தலைப்பு கோணிக்குள் போனதும் எழுத்துகள் உடைந்து இங்கிலீஷ் எழுத்தும் எண்ணுமாயின. ஜல்லி கொட்டுகிற சத்தம் வந்தது. உள்ளே இருப்பது எந்த மொழிக்கான எழுத்து, எப்படி உடைத்தது என்று சலோமி கோணியின் நெற்றியில் எழுதினாள். இரண்டு முனையிலும் கேள்விக்குறி மாதிரி வளைந்த கொக்கியை மாட்டித் தைத்தாள்.

"அந்தக் கடைசியில பிரிக்கிறவர் இருக்கார். கொக்கியைப் பார்த்ததும் அறுத்துப் பிரிப்பார். திரும்பத் தமிழாயிடும்."

சென்னப்பன் தூக்கினான். முன்னைவிடக் கனத்தது.

"கூடிப்போச்சே?"

"கட்டினா கூடும்."

கழுத்து கொஞ்சம் உள்ளே இறங்கியது. நடந்தான்.

நடக்க நடக்க நடை நீண்டது. சுமைக்காரன் கடைசியைப் பார்க்கக் கூடாது, காலைப் பார்க்க வேண்டும். அவன் காலைப் பார்த்தான். அதுவும் தூரத்தில் இருந்தது.

வழியில் ஒரு கவுண்ட்டர் குறுக்கே நின்றது. அதற்குப் பின்னால் தேவசகாயம் என்று பெயர்ப்பட்டை குத்திய ஆள். இடுப்புக்குக் கீழே அவர் மேசையாக இருந்தார். வயிற்றில் இழுப்பறை.

"இறக்கு. கட்டணும்."

"சார், இது கட்டினதுதான்."

"நான் கட்டலையே."

"வாசல்ல அந்தம்மா கட்டுச்சு. கொக்கியைப் பாருங்க."

"கொக்கியைப் பார்க்கிறது என் வேலை இல்ல. வர்றதைக் கட்டுறது என் வேலை. நீ சம்மட்டியை ஓங்கும்போது, இது முன்னாடியே உடைஞ்ச கல்லான்னு கேட்டுட்டா போடுவே?"

சென்னப்பன் யோசித்துப் பார்த்தான். அப்படிக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

"இல்லீங்க சார்."

"பின்னே?"

தேவசகாயம் இழுப்பறையைத் திறந்து இன்னொரு கோணியை எடுத்தார். கட்டின கோணியை அப்படியே அதற்குள் திணித்து, அதற்கும் கொக்கி மாட்டித் தைத்தார். ஜல்லி மறுபடி உடைந்து பொடி ஜல்லியானது. உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

"ண்ணா."

"மாதையா? நீ எங்கடா இங்க?"

"தலைப்புல என் பேர் இருக்கில்ல. இருட்டா இருக்குண்ணா."

"கல்லுக்கு அடியில இருட்டாத்தான் இருக்கும்."

"முந்தி கொஞ்சம் வெளிச்சம் இருந்துச்சு."

சென்னப்பன் கோணியை முதுகுக்கு மாற்றிக்கொண்டு ஓடினான்.

கடைசி அறையில் கிரேன் தயாராக நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அப்சல் நெம்புகோலில் கை வைத்தபடி இருந்தான். கீழே ஜெகதீசன் கத்தரிக்கோலோடு நின்றார். அவர்தான் பிரிக்கிறவர்.

அவர் கொக்கிகளை அறுத்தார். வெளிக்கோணி கழன்று விழுந்தது. உள்ளே சலோமி கட்டிய கோணி அப்படியே இருந்தது. ஜெகதீசன் கண்ணாடியைச் சரிசெய்து அதன் நெற்றியில் இருந்ததை உரக்கப் படித்தார்.

"சமக்குறி, கேள்விக்குறி, யூ, டி, எஃப், எட்டு, கேள்விக்குறி, பி..."

"அது எந்த ஊரு?" என்றான் அப்சல்.

"தெரியல. அனுப்பினவங்க இப்படித்தான் எழுதியிருக்காங்க."

"இன்னொரு தடவை பிரிங்க சார்," என்றான் சென்னப்பன்.

"ஒரு தடவைதான்."

"உள்ள என் தம்பி இருக்கான். இருமுறான் பாருங்க."

"எனக்குக் கோணி இருமுறதுதான் கேக்குது. இதோ பாருப்பா, ஒருத்தர் கோணியையே தலைப்பா எழுதி அனுப்பியிருந்தா? அதையும் நான் பிரிச்சா, அவர் எழுதினதைக் கெடுத்தவன் ஆகமாட்டேனா? எனக்கு முன்னாடி இருந்தவன் அப்படித்தான் பிரிச்சான். இப்ப எப்படி இருக்கான் பாரு."

மூலையில் ஒரு நாற்காலி கிடந்தது. அதில் கொஞ்சம் கருப்புக் கட்டங்கள் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்விக்குறி. கட்டங்கள் சென்னப்பனுக்கு வணக்கம் சொல்லின.

சென்னப்பன் கிரேன் பக்கம் திரும்பினான். "டிரைவர் தம்பி, நான் வாயாலயே சொல்லிடறேன். பாறை சரிஞ்சிருச்சு. பெரிய குவாரி, வடக்கு வெட்டு..."

"நீ தலைப்பு இல்ல," என்றார் ஜெகதீசன். "சுமக்கிறவன். சுமக்கிறவன் பேசினா அது வழியில ஒட்டின தூசி. அதை நாங்க தட்டிட்டுத்தான் படிப்போம்."

"எனக்கு வண்டி எடுக்க ஆசைதான்ண்ணே," என்றான் அப்சல். "எழுத்துல ஊர் வேணும்."

"சரி, திரும்ப எடுத்துட்டுப் போய் ஒழுங்கா அனுப்பறேன்."

"தாராளமா. வழியில தேவசகாயம் இருப்பார். அவர் கட்டுவார்."

சென்னப்பன் கொக்கியைக் கையால் இழுத்தான். கடப்பாரை பிடித்த கை அது. கொக்கி அசையவில்லை. தையலைத் தடவிப் பார்த்தான். ஒரு ஓரத்தில் தோள் நுழைகிற இடுக்கு இருந்தது. பிரிக்கக் கூடாது என்றுதான் சொன்னார்கள். நுழையக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, மூச்சை விட்டு, உள்ளே போனான்.

முதலில் ஜல்லி. அப்புறம் இருட்டு. அப்புறம் பாறை. கையை நீட்டியதும் மாதையனின் முட்டி தட்டுப்பட்டது.

"கிரேனாண்ணா?"

"நான்தான்டா."

"உன்னால ஆகாது."

"வாயை மூடிட்டு, நான் எம்பறப்ப காலை இழு."

பாறைக்கு அடியில் தோளைக் கொடுத்தான். எம்பினான். பாறை கட்டைவிரல் அளவு எழும்பியது. மாதையன் அலறிக்கொண்டே காலை உருவினான்.

"வந்துருச்சு! ண்ணா, கால் வந்துருச்சு!"

"சரி. இப்ப இதை எங்க இறக்கறது?"

மாதையன் இருட்டில் நாலா பக்கமும் துழாவினான். எல்லாப் பக்கமும் கோணிதான்.

"இடம் இல்லண்ணா."

சென்னப்பன் பாறையைத் தோளிலேயே வைத்துக்கொண்டான். வெளியே ஜெகதீசன் மறுபடி படிக்கும் குரல் கேட்டது. எழுத்து அதிகமாகியிருக்கிறது என்றார். ஓரத்தில் ஒரு இடுக்கு வேறு இருக்கிறது, இப்படியே விட்டால் சிந்தும் என்றார்.

யாரோ சணலைப் பல்லால் கடித்து அறுத்தார்கள். ஊசி முனை சென்னப்பனின் காதோரமாக உள்ளே வந்தது, வெளியே போனது. அடுத்த தையல் விழுகிற இடத்திலிருந்து மாதையன் தன் விரலை நகர்த்திக்கொண்டான்.