ஒன்பது நொடி

கார்களுக்கான ஒயர்க் கட்டுகள் பலகையில் நகர்ந்து வந்தபடி இருந்தன. ஒரு கட்டுக்கு ஐம்பத்திரண்டு நொடி. அதற்குள் ஆளுக்குப் பதினெட்டு கிளிப் மாட்ட வேண்டும். நான்காவது இடத்தில் நின்றவளை லைனில் எல்லோரும் அண்ணி என்றே கூப்பிட்டார்கள். ஆறாவது இடத்தில் நின்ற அவளுடைய நாத்தனார் கூப்பிட்டதைக் கேட்டுப் பழகியதுதான்.

ஜப்பான்காரர்களின் கம்பெனி அது. அங்கே வேலை எப்படி நடக்கிறது, வேலை பார்ப்பவர்களின் வீடு எப்படி நடக்கிறது என்று ஆராய்ச்சி செய்யப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மூன்று வாரம் தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே எழுதினாள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை. அதனாலேயே அவளை எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அண்ணியிடம் கேட்டாள்.

“எல்லாரும் மூச்சு வாங்குறாங்க. நீங்க மட்டும் எப்படிக்கா முன்னாடியே முடிச்சுட்டு நிக்கிறீங்க?”

பன்னிரண்டு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அண்ணி டிபன் டப்பாவைத் தன் முன்னால் சாய்த்து வைத்துக் காட்டினாள்.

“இதுதான் கிளிப் பெட்டின்னு வச்சுக்க. எல்லாரும் வலது பக்கம் வைப்பாங்க. நான் நடுவுல இப்படிச் சாய்ச்சு வச்சுக்குவேன். ரெண்டு கையாலயும் அள்ளலாம்ல? ஒன்பது நொடி மிச்சம். அதுல முதுக நிமித்திக்குவேன்.”

“சூப்பர்வைசருக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா நிமித்த விடுவாரா?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாத்தனார் சிரித்ததில் அவளுக்குத் தண்ணீர் புரையேறியது. ஆராய்ச்சிக்காரியும் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள்.

பார்த்ததையெல்லாம் அறிக்கையாகக் கம்பெனிக்கும் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையில்தான் அவளை உள்ளே விட்டிருந்தார்கள். கொடுத்தாள். அடுத்த மாதம், பெட்டிகளை நடுவில் சாய்த்து வைக்க ஆறு இரும்புத் தாங்கிகள் வந்தன. இரண்டு வாரம் எல்லோரும் அப்படியே வேலை செய்தார்கள். பிறகு சூப்பர்வைசர் கூட்டி நிறுத்திச் சொன்னார்.

“ஆறு பேருக்கு ஒன்பது ஒன்பதா ஐம்பத்துநாலு நொடி. ஒரு ஆளோட வேலை.”

ஆறாவது இடத்தை எடுத்துவிட்டார்கள். நாத்தனார் ஒப்பந்த ஆள். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

வீட்டில் அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு அடுப்படியில் நிற்க முடியவில்லை.

“என்னைத் திட்டவாவது செய்யேன்டி.”

“என்னத்தத் திட்ட அண்ணி? நானும்தான கூட உக்காந்து சிரிச்சேன்.”

விஷயம் தெரிந்து ஆராய்ச்சிக்காரி கம்பெனி வாசலில் வந்து காத்திருந்தாள். தூங்காத முகம்.

“நான் உங்க பேரப் போடலக்கா. நாலாவது தொழிலாளின்னுதான் எழுதினேன்.”

“அவளுக்கு என்ன நம்பர் போட்ட?”

பஸ் வந்தது. அண்ணி ஏறிக்கொண்டாள்.

சனிக்கிழமை நாத்தனார் கம்பெனி கொடுத்த நீலச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். கேட்டில் உள்ளே விடவில்லை. துவைத்துத் தேய்த்து மடித்திருந்த அந்தச் சட்டையை அண்ணிதான் வாங்கிக்கொண்டுபோய் ஸ்டோரில் கொடுத்தாள். ஸ்டோர்காரர் கழுத்துப்பட்டியைப் பார்த்தார்.

“இது நைஞ்சுபோச்சு,” என்று ஒரு கந்தல் சாக்குக்குள் போட்டார்.

திங்கட்கிழமை காலை, பலகை துடைக்கும் துணி மாற்றிக் கொடுத்தார்கள். அண்ணிக்குக் கிடைத்த நீலத் துண்டில் பாக்கெட் அப்படியே இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முதல் கட்டு வந்தது. துடைக்கத் தொடங்கினாள்.