பெட்டியில் செருகிய பென்டிரைவ்

எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்துக்கு வரும் அழைப்புகள் எல்லாம் ஒரே ஒரு கேட்வே பெட்டி வழியாகத்தான் உள்ளே வரும். காலை ஒன்பதே காலுக்கு அது செத்தது. போனும் போச்சு, இணையமும் போச்சு. அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு நான்.

"பதறாதீங்க. மாத்துப் பெட்டி இருக்கு. பழசோட செட்டிங்ஸ் எல்லாம் பென்டிரைவ்ல பத்திரமா இருக்கு. பத்து நிமிஷம்," என்றேன். எவ்வளவு திமிர் பாருங்கள்!

அழைப்பு எடுக்கும் அக்கா ஹெட்செட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் அண்ணன் வாசலில் வண்டியைக் கிளப்பி வைத்துவிட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

மாற்றுப் பெட்டியை மாட்டினேன். அதற்கு உயிர் வந்ததும் பென்டிரைவைச் செருகினேன். அதன் விளக்கு படபடவென்று மின்னியது. நான் இன்னும் எதையும் அழுத்தவே இல்லையே, எதற்கு மின்னுகிறது?

எவனும் பேக்கப் எடுக்க மறந்துவிடக் கூடாது என்று, பென்டிரைவைச் செருகிய உடனே பெட்டி தன் செட்டிங்ஸைத் தானாகவே அதில் எழுதிவிடும்படி போன வருடம் வைத்தது நான்தான். இரண்டு பெட்டியிலும் வைத்தேன். கோப்புக்கும் இரண்டிலும் ஒரே பெயர். பெரிய புத்திசாலி! இப்போது இந்தக் காலிப் பெட்டி, தன்னிடம் இருந்த ஒன்றுமில்லாததை எடுத்து நல்ல கோப்பின் மேல் எழுதிக்கொண்டிருந்தது.

வெடுக்கென்று பிடுங்கினேன். லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் கோப்பு இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

"ஆச்சா?" என்றார் அக்கா.

"இருங்கக்கா, உயிர வாங்காதீங்க!" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் மேல் என்ன தப்பு?

செட்டிங்ஸுக்கு வேண்டிய எண்களையும் கடவுச்சொற்களையும் ஞாபகத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பெட்டியில் தட்டினேன். அவசரத்தில் ஒரே எண்ணை நான்கு முறை தப்பாகப் போட்டேன். இந்த நிமிடம் எங்கோ யாரோ எங்களைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தது.

பத்தரைக்கு முதல் போன் மணி அடித்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சொல்லுங்க, வண்டி எங்க வரணும்?" என்று அக்கா பேனாவை எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார், எழுதவில்லை. பிறகு மைக்கைப் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ஒரு மணி நேரமா கூப்பிட்டாங்களாம். ஏன் எடுக்கலன்னு கேக்கறாரு."

"அத அப்புறம் பேசலாம்! முதல்ல வண்டிய அனுப்புங்கக்கா!"

"வண்டி இனிமே தேவையில்லையாம். ஏன் எடுக்கலன்னு மட்டும் தெரியணுமாம். என்ன சொல்றது?"

பெட்டி பழுது என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை. ஓட்டுநர் அண்ணன் வெளியே இன்ஜினை நிறுத்துவது கேட்டது. நான் கை நீட்டி ஹெட்செட்டை வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"நான்தாங்க..." என்றேன். அந்த மனிதர் என்னைத் திட்டவில்லை, போனையும் வைக்கவில்லை. நான் சொல்லி முடிப்பதற்காகக் காத்திருந்தார்.