ஒரு நொடி முந்திய சிரிப்பு

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாலை வகுப்பில் பழைய ஹாலிவுட் காதல் நகைச்சுவைப் படங்களைப் போட்டுக் காட்டி, ஒரு பக்கம் கருத்து எழுதி வரச் சொன்னார்கள். என் கருத்து இது: வாயாடிக்குத்தான் கதாநாயகி கிடைக்கிறாள். அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன் நல்லவன், ஒருநாளும் குடையை மறக்காதவன்; கடைசி ரீலில் கழற்றிவிடப்படுகிறான்.

(எனக்கும் நிச்சயமாகியிருக்கிறது. நானும் குடையை மறந்ததில்லை.)

2

எனக்கு நிச்சயமானவளுக்கு மருந்துக்கடையில் வேலை. வகுப்பில் என் பக்கத்து நாற்காலி. அன்று திரையில் மாலை வெளிச்சம் மெல்ல

இல்லை, இது வேறு யாரோ எழுதுவது.

அன்று அவள் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் படத்தில் நகைச்சுவை வந்தது. மூன்று முறை இப்படி. குறிப்பேட்டில் கோடு போட்டு எண்ணினேன்.*

* எண்ணுகிறவனை எந்தக் கதாநாயகியும் காதலித்து நான் பார்த்ததில்லை.

3

"இந்தப் படத்த முன்னாடியே பார்த்துட்டியா?"

"ஆமா, ஞாயித்துக்கிழமை. தனியாத்தான்."

"டிஸ்க் ஏது?"

"ப்ரொஜெக்டர்காரர் குடுத்தாரு. ஏன்பா, போலீஸ் விசாரணையா?"

ப்ரொஜெக்டர்காரர் வாயாடி. இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் அவலட்சணமாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை. ஆள் அழகன். [இந்த வரியை அடித்துவிட வேண்டும்.]

4

அடுத்த வாரப் படத்தை அவரிடம் நானும் போய்க் கேட்டேன்.

"ரெண்டு பேரும் தனித்தனியா வந்து வாங்குறீங்களே, ஒண்ணா உக்காந்து பார்த்தா என்னங்க?" என்றார்.

வீட்டில் பார்த்து, சிரிப்பு வரும் இடங்களை நிமிடத்தோடு குறித்துக்கொண்டேன். இந்த முறையும் அவள் முந்துகிறாளா என்று கண்டுபிடிக்கத்தான். வகுப்பில் திரையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். பதினெட்டாவது நிமிடம். கதாநாயகன் அலமாரிக் கதவில் கை வைக்கிறான். உள்ளே யார் ஒளிந்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியுமே. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அறையில் வேறு ஒருவரும் சிரிக்கவில்லை.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

"யாரோட பார்த்த?"

"தனியாத்தான்."

"ஓஹோ."

மடியிலிருந்த கைப்பையை எடுத்து எங்கள் இருவர் நடுவில் வைத்தாள்.

5

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றிலும் நான் நியாயவானாக இருந்தேன், கிழித்துவிட்டேன்.

நான் சொன்னது உண்மை. போன வாரம் அவள் சொன்னதும் அதே வார்த்தைதான்.

வகுப்பு முடிந்துவிட்டது. ப்ரொஜெக்டர்காரர் வயரைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். வெளியே மழை. அவள் வாசலில் நிற்கிறாள். எனக்காகவா என்று தெரியவில்லை. என் குடை நாற்காலிக்கு அடியில் கிடக்கிறது.

எடுத்துக்கொண்டு போவதா, மறந்துவிட்டுப் போவதா? நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், அவர் விளக்கை அணைக்கப் போகிறார்.