மாமியாரின் எடை

என் மாமியார் லேசுப்பட்ட மனுஷி இல்லை. உடம்பும் அப்படி, வாயும் அப்படி. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகும் வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

ஒருநாள் அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது இருவருமாகத் தரையில் சாய்ந்தோம். என் மணிக்கட்டு வீங்கிப் போனது. "பேசாம ஏதாவது ஹோம்ல விட்டுடலாமா?" என்று கணவர் முணுமுணுத்தார். எனக்குச் சுருக்கென்றது. வீக்கம் வடிந்ததும் பெண்கள் ஜிம்மில் போய்ச் சேர்ந்தேன்.

"முதுக வளைக்காதீங்க. கம்பிய உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு காலால எந்திரிங்க" என்பாள் கோச். வீட்டிலும் அப்படியே செய்தேன்.

"வந்துட்டா பயில்வான்" என்பார் மாமியார்.

போகப்போக அவரைத் தூக்குவது சுலபமானது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜிம்மில் மட்டும் இரும்புக் கம்பி பழைய எடைக்கு மேல் கூட்டினால் தரையை விட்டு அசையவே இல்லை.

"எங்க அத்தைய அலேக்கா தூக்குறேன். இந்தக் கம்பிக்கு என்மேல என்ன கோபமோ" என்றேன்.

கோச் சிரிக்கவில்லை. "கம்பியோட எடை மாறாது. அவங்க எடைய எப்பப் பாத்தீங்க?"

ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன். நைட்டியை விலக்கிப் பார்த்தால் விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டிருந்தது. தட்டு தினமும் காலியாகத்தானே வந்தது? அவர் கட்டில் ஜன்னலோரம். வெளியே அந்த ஜன்னலுக்குக் கீழே கொழுத்துக் கிடக்கும் பூனைகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

"ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க?" கத்தியே விட்டேன்.

"உன் கை வீங்கிப் போச்சேடி. நான் கொஞ்சம் இளைச்சா நீ தூக்கிடுவே. இல்லன்னா அவன் என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவான்."

"அதுக்குத்தானே நான் ஜிம்முக்குப் போய் உயிர விடுறேன்?"

அவர் வாயடைத்துப் போய் நான் பார்த்தது அன்றுதான்.

அதன் பிறகு நானே பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினேன். உடம்புதான் எதையும் ஏற்கவில்லை. எதைக் கரைத்துக் கொடுத்தாலும் வெளியே வந்தது. டாக்டர் ரொம்ப நாள் தாங்காது என்றார். மாமியார் ஆசைப்பட்டபடி, அவர் கட்டிலிலேயே, ஒரு காலையில் போய்விட்டார்.

மயான வண்டிக்காரர்கள் ஸ்ட்ரெச்சரோடு வந்தார்கள். "நகருங்கம்மா, நாங்க தூக்கிக்கிறோம்."

"நானே தூக்குறேன்" என்றேன்.

முதுகை நிமிர்த்தி, அவரை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, காலை ஊன்றி எழுந்தேன். ஜிம் வாசலையே மிதிக்காத பழைய நான்கூட அந்த எடையைத் தூக்கியிருப்பேன்.