மூன்று மொழி வணக்கம்

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றோர் வேலை செய்யும் ஒரு மசாஜ் நிலையத்தில் புதிய தொலைபேசி இணைப்பகம் பொருத்தப்பட்டது.

அங்கே நெடுங்காலம் மசாஜ் செய்த குகனுக்கு மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. முன்மேசைத் தொலைபேசியைத் தனக்குத் தரும்படி கேட்டிருந்தார். வாடிக்கையாளர் விவரமெல்லாம் கணினித் திரையில் இருந்தது. அதை அவரால் படிக்க முடியாது. அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. இணைப்பகம் அழைப்பவரின் எண்ணை ஒலிகளாகக் குரல் கருவிக்கு அனுப்பும். கருவி அவர் யாரென்று குகனின் காதில் சொல்லும். சரிவராவிட்டால் கண் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்வதாக உரிமையாளர் வாணி சொல்லியிருந்தார்.

கருவியைப் பொருத்தப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்த மார்க் அதைச் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. பிறகு, அழைப்பை எடுத்ததும் கருவி ஒலிக்க வேண்டிய வரவேற்பைக் குகன் தன் குரலில் பதிவு செய்தார்.

முதல் அழைப்பு வந்தது. “பதிவில் இல்லாத எண்” என்றது கருவி. பேசியவர் பூச்சோங்கில் வசிக்கும் திருச்செல்வம், வாரம் தவறாமல் வருகிறவர். கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிடும்படி குகன் கேட்டுக்கொண்டார்.

“வாரா வாரம் வர்றவர யாருன்னு கேக்குது. இந்த மெஷினுக்கும் கண்ணு தெரியாது போல லா” என்றார் வாணி.

உரக்கச் சிரித்தது குகன்தான்.

மார்க் பார்த்தபோது கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே கருவிக்கு வந்திருந்தன.

“காலையில நல்லா இருந்துச்சே. என்னாண்ணே மாத்துனீங்க?”

“ஒண்ணும் மாத்தல. வணக்கம் சொன்னேன், அவ்ளோதான்.”

மார்க் பதிவைப் போட்டுக் கேட்டார். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில், நிறுத்தி நிதானமாக வரவேற்றது குகனின் குரல்.

“மெஷின் பேசுறப்ப அதுக்குக் காது கேக்காதுண்ணே. நீங்க மூணு பாஷையில கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள நம்பர் போயிருது. தமிழ் மட்டும் போதுமே?”

“சைனீஸ் ஆன்டி வருவாங்க, மலாய்க்கார பாஸ் வருவாரு. அவங்கள வாங்கன்னு சொல்ல வேணாமா? ஒண்ணையும் வெட்டாதப்பா.”

மார்க் கருவியின் அமைப்பைத் திறந்தார். “சரி, வெட்டல. நம்பர் முழுசா வர்ற வரைக்கும் மெஷின் வாயத் திறக்காது. அப்புறம் உங்க வணக்கம்.”

மாற்றி முடித்த சிறிது நேரத்தில் மணி அடித்தது. “திருச்செல்வம். பூச்சோங். கழுத்து வலி. விஜயனிடம் மசாஜ் செய்துகொள்பவர்” என்று குகனின் காதில் கேட்டது.

“கழுத்து எப்படி இருக்கு அங்கிள்? விஜயன்கிட்டயே நேரம் போட்டுரவா?” என்றார் குகன்.

மறுநாள் முதல் முன்மேசை வேலை குகனுக்குத் தரப்பட்டது.